முந்துதலும் முற்கொள்ளுதலும்

மேனிலை வகுப்பில் தமிழ்ப் பாடம் முடிந்து மணியடிக்கும் வேளை. பின்னிருக்கை மாணவன் ஒருவன் ஆங்கில நாளிதழ் நறுக்கு ஒன்றைக் கையில் பிடித்தவாறு எழுந்து, “ஐயா, ‘பிரியெம்ப்டு’ என்னும் ஆங்கில வினைக்குத் தமிழில் என்ன சொல்ல வேண்டும்?” என்று வினவினான். முப்பதாண்டுக் காலம் கரும்பலகைமுன் நின்ற பழக்கத்தால் யானும் சற்றும் எண்ணிப் பாராமல், “முந்துதல்” என்று விடையிறுத்துவிட்டேன். அவன் அமரவில்லை. “அப்படியாயின் நேற்று ஓட்டப்போட்டியில் முதலில் வந்தவன் செய்ததும் அதுதானா, ஐயா?” என்று மீண்டும் வினவினான். வகுப்பு நகைத்தது. முந்திரிக்கொட்டைபோல் முந்திக்கொண்டு விடை சொன்னவன் யானே என்பது எனக்கு அப்பொழுதுதான் உறைத்தது. “நாளை சொல்கிறேன்” என்று கூறி வீடு திரும்பினேன்.

அன்று மாலை அதே செய்தியைத் தமிழ்த் தாளிகைகள் எவ்வாறு வெளியிட்டிருந்தன என்று பார்த்தேன். ஒன்று ‘முன்னெச்சரிக்கைத் தாக்குதல்’ என்றது. மற்றொன்று ‘தற்காப்புத் தாக்குதல்’ என்றது. மூன்றாவது, ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் பெயர்த்து வைத்துத் தன் கடமையை முடித்துக்கொண்டது. ஒரே செயலுக்கு மூன்று பெயர்கள்! ஒன்று அச்செயலை அறிவுடைமை ஆக்கிற்று, ஒன்று அதனை அறமாக்கிற்று, ஒன்று ஊமையாக்கிற்று. சொல் சிறிது, ஆயின் அச்சொல்லைப் பெயர்ப்போன் படிப்போனுக்கு முன்னரே தீர்ப்பெழுதிக் கொடுத்துவிடுகின்றான். ஆகலின் இத்திங்கள் ஆசிரியவுரையை இவ்வொரு வினையின் பொருளாராய்ச்சிக்கே ஒதுக்குகின்றோம். ஒரு சொல்லுக்காக இத்தனை பக்கமா என்று எண்ணும் அன்பர்கள் இறுதிவரை படித்துப் பார்ப்பார்களாக. ஒரு சொல்லால் ஒரு நாட்டையே இழந்த மக்களின் வரலாறும் இதனுள் உண்டு.

முதற்கண் சொல்லின் பிறப்பு. இலத்தீனில் ‘பிரை’ என்பது முன் என்னும் பொருட்டு. ‘எமெரெ’ என்பது வாங்குதல் என்னும் பொருட்டு. இரண்டும் கூடின், பிறர் வாங்குமுன் தான் வாங்குதல். ‘எமெரெ’ என்பதன் பழம்பொருள் எடுத்தல், கொள்ளுதல் என்பதே. விலைக்கு வாங்குதல் பின்னர் ஏற்பட்ட சிறப்புப் பொருள். நம்மவர் காப்பீட்டுக்குக் கட்டும் ‘பிரீமியம்’ என்னும் தொகையின் பெயரும் இவ்வேரின் வழியதே. பிறர்க்குமுன் எடுத்துக்கொண்ட பங்கு, பரிசு என்பது அதன் பழம்பொருள். ஆகவே இவ்வினை ஓட்டக்களத்தில் பிறந்ததன்று, சந்தையில் பிறந்தது. முதலில் ஓடுதலன்று, முதலில் கொள்ளுதலே அதன் கரு.

ஆங்கில மொழியில் இதன் பெயர்ச்சொல் வடிவம் கி.பி. 1600ஐ ஒட்டித் தலைகாட்டுகின்றது. அக்கால இங்கிலாந்தில் மன்னனுக்கு ஒரு தனியுரிமை இருந்தது. சந்தைக்கு வந்த தவசத்தையும் இறைச்சியையும் பிறர் வாங்குமுன் அரண்மனைக்கென அரசனின் ஆட்கள் வாங்கிக்கொள்ளலாம். விலையோ சந்தை விலையன்று. அரசனின் ஆட்கள் குறித்த விலை. கார்ன்வால் பகுதியில் தோண்டியெடுத்த வெள்ளீயத்தின்மீதும் அரசர்க்கு இத்தகைய உரிமை இருந்தது. உழவனுக்கு விற்க மாட்டேன் என்னும் உரிமையும் இல்லை. வேறொருவனுக்கு விற்பேன் என்னும் உரிமையும் இல்லை. நெடுங்காலம் மக்கள் முணுமுணுத்த பின்னர், 1660ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம், அரண்மனைக்கெனக் கொள்முதல் செய்யும் இவ்வுரிமையைச் சட்டத்தால் நீக்கிற்று.

இங்கே ஒன்றனைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வுரிமையில் மூன்று கூறுகள் உள. ஒன்று, பிறர்க்கு முந்துதல். இரண்டு, முந்திய பொருளைத் தனதாக்கிக் கொள்ளுதல். மூன்று, பின்வருவோர்க்கு இடமில்லாதபடி வழியை அடைத்தல். முதற்கூறு மட்டும் இருப்பின் அது முந்துதலே. மூன்றும் கூடினால்தான் அவ்வாங்கில வினை நிறைவுறும். ஓட்டப்போட்டியில் முதலில் வந்தவன் முந்தினான். ஆயின் பின்வந்தவன் ஓடும் தடத்தை அவன் அடைக்கவில்லை. என் மாணவன் சுட்டிய குறை அதுவே.

பெயர்ச்சொல்லாக இருந்த இது வினைச்சொல்லாக மாறியது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மண்ணில். கிழக்குக் கரையில் குடியேறிய வெள்ளையர் மேற்கு நோக்கிச் சென்று, அரசு அளந்து விற்குமுன்னரே நிலங்களில் குடிசை போட்டு அமர்ந்துகொண்டனர். அவ்வாறு அமர்ந்தோர், நிலம் பொது ஏலத்திற்கு வருமுன், ஏக்கர் ஒன்றுக்கு ஒன்றேகால் தாலர் என்னும் தாழ்ந்த விலைக்கு 160 ஏக்கர் வரையில் தாமே வாங்கிக்கொள்ளலாம் என்று 1841ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்தது. அச்சட்டத்தின் பெயரிலேயே இச்சொல் அமைந்திருந்தது. அது 1891 வரையில் நின்றது. நிலத்தில் அமர்ந்து உரிமை கொண்டவனின் செயலைக் குறிக்கவே வினைச்சொல் வேண்டியதாயிற்று.

ஏழைக் குடியேறிக்கு இது பெருநன்மை என்பர். பெருமுதலாளிகள் ஏலத்தில் நிலத்தை வளைத்துக்கொள்ளாமல் உழுவோனுக்கு இடம் கிடைத்தது என்பதும் உண்மையே. ஆயின் அந்நிலத்தில் அவனுக்கும் முன்னர், பன்னூறு தலைமுறையாக வாழ்ந்த தொல்குடிகள் எங்கே? ‘முதலில் வந்தவனுக்கு உரிமை’ என்று சட்டம் பேசுகின்றது. முதலினும் முதலில் இருந்தவனைச் சட்டம் காணவேயில்லை. அவன் உரிமை ‘தீர்ந்துபோனது’ என்று எழுதிய பின்னரே இச்சட்டத்தின் கணக்குத் தொடங்குகின்றது. யாரிடமிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை எழுதுகோல் பிடித்தவனே முடிவுசெய்கின்றான்.

அமெரிக்காவினும் தெளிவான சான்று நியூசிலாந்தில் உண்டு. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் இதனை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று.

1840ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில், பிரித்தானிய அரசி விக்தோரியாவின் பேராளர் வில்லியம் ஆப்சன், மாவோரி மக்களின் தலைவர்களோடு வைத்தாங்கி என்னும் இடத்தில் உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டார். ஆங்கில வரைவை மாவோரி மொழியில் பெயர்க்கும் பணி என்றி வில்லியம்சு என்னும் சமயத் தொண்டரிடமும் அவர் மகனிடமும் ஒப்படைக்கப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்த காலம் ஓர் இரவு. 4ஆம் நாள் மாலை தொடங்கி 5ஆம் நாள் காலைக்குள் பெயர்ப்பு முடிந்தது. 6ஆம் நாள் தலைவர்கள் கையொப்பமிடத் தொடங்கினர். அடுத்துவந்த திங்கள்களில் படிகள் நாடெங்கும் எடுத்துச் செல்லப்பட்டன; 500க்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரி மொழிப் படியில்தான்; ஆங்கிலப் படியில் ஒப்பமிட்டோர் நாற்பதின்மர்கூட இல்லை.

அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பிரிவில், மாவோரியர் தம் நிலத்தை விற்க விரும்பினால் அதனை வாங்கும் உரிமை அரசிக்கே உரியது என்றும், அது பிறர்க்கில்லாத தனியுரிமை என்றும் ஆங்கிலப் படி கூறுகின்றது. அங்கே வழங்கும் சொல் நாம் ஆராயும் இச்சொல்லின் பெயர் வடிவமே. மாவோரிப் படியிலோ அவ்விடத்தில் ‘ஒக்கொங்கா’ என்னும் சொல் நிற்கின்றது. அதன் வேர் வாங்குதல், விற்றல், பண்டமாற்று ஆகிய எல்லாவற்றையும் பொதுவாகக் குறிக்கும் எளிய சொல். முந்துதல் என்னும் பொருள் அதில் இல்லை. பிறர்க்கு வழியடைத்தல் என்னும் பொருளும் அதில் இல்லை. மூன்று கூறுகளில் ‘கொள்ளுதல்’ ஒன்றே பெயர்ப்பில் ஏறியது. ஏனை இரண்டும் ஓரிரவில் உதிர்ந்துபோயின.

விளைவு யாது? அரசியாரோடு நிலம் விற்கவும் வாங்கவும் இசைகின்றோம் என்பதாகவே மாவோரிப் படியின் சொற்கள் படிக்கத்தக்கவையாய் இருந்தன. அரசியார்க்கன்றி வேறெவர்க்கும் விற்கலாகாது என்று ஆங்கிலப் படியில் இருந்தது. ஆட்சியாளர் நடைமுறைப்படுத்தியது ஆங்கிலப் படியைத்தான். வாங்குவோன் ஒருவனே என்றால் விலை யார் கையில் இருக்கும் என்று சந்தையறிந்த நம் வீட்டுப் பெண்டிரைக் கேட்டாலே சொல்லிவிடுவர். 1844ஆம் ஆண்டில் ஆளுநர் ஒருவர் இத்தனியுரிமையைச் சற்றுத் தளர்த்தினார். 1846இல் அடுத்து வந்தவர் மீண்டும் இறுக்கினார். 1848ஆம் ஆண்டில் தென்தீவின் நிகாய் தாகு மக்களிடமிருந்து ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் 2,000 பவுனுக்கு வாங்கப்பட்டது. அம்மண்ணின் ஒரு பகுதியே ஈராண்டு கழித்துக் கேண்டர்பரிக் குடியேறிகளுக்கு ஏக்கர் ஒன்றுக்கு 3 பவுன் என்று விற்கப்பட்டது. ஏழு நூறு ஏக்கர் விற்றாலே, கோடி ஏக்கருக்குக் கொடுத்த விலை திரும்பிவிடும் என்பது நம் வகுப்பு மாணவரும் போடத்தக்க கணக்கு.

நிகாய் தாகு மக்கள் மறுவாண்டே முறையிடத் தொடங்கினர். தந்தைக்குப்பின் மகனும் மகனுக்குப்பின் பேரனுமாக முறையிட்டனர். இருமொழிப் படிகளையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு உரூத்து இராசு என்னும் வரலாற்றாசிரியை எழுதிய கட்டுரை 1972இல் வெளிவந்தது. 1975இல் வைத்தாங்கித் தீர்ப்பாயம் நிறுவப்பட்டது. 1998இல் நியூசிலாந்து அரசு நிகாய் தாகு மக்களிடம் மன்னிப்புக் கேட்டு, 17 கோடி நியூசிலாந்துத் தாலர் மதிப்புள்ள ஈடும் வழங்கிற்று. இடையில் கழிந்தவை 150 ஆண்டுகள். மாவோரியர் இழப்புக்கெல்லாம் இவ்வொரு சொல்லே கரணியம் என்று கூற வரவில்லை. படையும் பேராசையும் பின்வந்த சட்டங்களும் தம் பங்கைச் செய்தன. ஆயின் அவ்விழப்புக்குத் திறந்த வாயில்களுள் ஒன்று, குறைபடப் பெயர்த்த ஒரு சொல். பெயர்த்தவர் தீயவர் என்று யாரும் கூற வேண்டுவதில்லை. ஓர் இரவில் ஒரு நாட்டைப் பெயர்க்க முற்பட்டார் என்பதே போதும்.

இனி நம் மொழிக்கு வருவோம். ஆங்கிலத்திற்கு நிகரான சொல் தமிழில் இல்லை என்று கைவிரிப்போர், தமிழைத் தேடிப் பார்க்குமுன்னரே கைவிரித்துவிடுகின்றனர். ‘கொள்’ என்னும் வினையடியைக் கருதுக. எடுத்தல் என்பது அதன் பொருள். விலைக்கு வாங்குதல் என்பதும் அதன் பொருள். இலத்தீன ‘எமெரெ’ எங்ஙனம் எடுத்தலிலிருந்து வாங்குதலுக்கு நகர்ந்ததோ அங்ஙனமே தமிழ்க் ‘கொள்’ என்பதும் நிற்கின்றது. வணிகர் இன்றும் ‘கொள்முதல்’ என்கின்றனர். ஊரார் ‘கொள்வினை கொடுப்பினை’ என்கின்றனர். வெட்சிப் போரில் பகைவர் ஆனிரையைக் கவர்தலை ‘ஆகோள்’ என்றது நம் இலக்கணம். பிறர் பொருளை வன்முறையால் கவர்வது ‘கொள்ளை’. ஒருவன் நெஞ்சில் பற்றி நிற்கும் நெறி ‘கொள்கை’. ஒரே வேரில் கொள்முதலும் கொள்ளையும் கொள்கையும் கிளைத்திருக்கின்றன. எது எதுவாக மாறும் என்பது கொள்வோன் கையில் உள்ளது.

மேலும், துணைவினையாக நிற்கும் ‘கொள்’ தன்பொருட்டுச் செய்தலை உணர்த்தும். ‘எழுதினான்’ என்பதற்கும் ‘எழுதிக்கொண்டான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தையும் அறியும். ‘முந்தினான்’ என்றால் ஓட்டத்தில் முந்தினான். ‘முந்திக்கொண்டான்’ என்றாலோ, பிறர் அடைய வேண்டியதைத் தான் முன்னரே அடைந்து அவர்க்கு இடமில்லாமற் செய்தான் என்னும் குறிப்பு அதிலேயே ஏறிவிடுகின்றது. பந்தியில் இலைக்கு முந்திக்கொண்டவனைப் பற்றி நாம் எந்தக் குரலில் பேசுகின்றோமோ, அக்குரல் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றது. ஆகவே என் மாணவனுக்கு யான் சொல்லியிருக்க வேண்டிய விடை ‘முந்துதல்’ அன்று, ‘முந்திக்கொள்ளுதல்’. நிலம், பண்டம் முதலியவற்றைப் பற்றி வருமிடத்து ‘முற்கொள்ளுதல்’ எனலாம். உரிமையைக் குறிக்குமிடத்து ‘முற்கொள்ளுரிமை’ எனலாம். இலத்தீனத்தின் இரண்டு உறுப்புக்கும் நேருக்கு நேர் இரண்டு தமிழுறுப்பு. கடன் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை.

இவ்வுரிமை எங்கும் தீயது என்றும் கருதற்க. தந்தை விருப்பமுறி எழுதாமல் இறந்தபின் அவர் சொத்து மக்களுக்குப் பொதுவாய் வரும்போது, ஒருவர் தம் பங்கை விற்க முன்வந்தால், அதனை வாங்கும் முதலுரிமை உடன்பங்காளியாகிய மற்றவர்க்கு உண்டு என்று 1956ஆம் ஆண்டு இந்து மரபுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு கூறுகின்றது. வீட்டின் நடுவே வேற்றாள் வந்து புகாமல் காப்பது அதன் நோக்கம். உரியவர்க்கு உரிய விலை கிடைக்கின்றது. விற்பவன் வாய் அடைக்கப்படவில்லை. பங்காளியிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு விற்பது ஊர்ப்புறத்தில் என்றும் உள்ள பண்பே. முற்கொள்ளுரிமை அளவோடு நின்றால் உறவு. அளவு கடந்தால் வளைப்பு.

இனிப் போர்க்களம். இன்று இவ்வாங்கிலச் சொல் மிகுதியாக வழங்குவதும், நம் தாளிகைகள் மிகுதியாகத் தடுமாறுவதும் இங்கேதான். பகைவன் தாக்குமுன் தான் தாக்குதல் என்பது பொதுப்பொருள். ஆயின் ஆங்கிலத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரு சொற்களை நாம் பிரித்தறிய வேண்டும். பகைவன் கையோங்கிவிட்டான், அடி விழப் போகின்றது, அதற்குள் தான் அடித்தல் ஒன்று. பகைவன் இன்று கையோங்கவில்லை, என்றேனும் ஓங்கக்கூடும், ஆகலின் இன்றே அவன் கையை முறித்தல் மற்றொன்று. முன்னதே நாம் ஆராயும் சொல், பின்னது தடுப்புப்போர். முன்னதற்கு நாடுகளிடையே ஓரளவு ஒப்புதல் உண்டு, பின்னதற்கு இல்லை.

இவ்வேறுபாட்டை ஆராய்வோர் 1837ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றனை எடுத்துக்காட்டுவர். கனடாவில் எழுந்த கிளர்ச்சியாளர்க்கு அமெரிக்கக் கரையிலிருந்து உதவிய கரோலைன் என்னும் கப்பலைப் பிரித்தானியப் படையினர் இரவில் எல்லை கடந்து சென்று கைப்பற்றித் தீயிட்டு, நயாகரா அருவியை நோக்கி மிதக்கவிட்டனர். தற்காப்பு என்றனர் பிரித்தானியர். அதற்கு விடையெழுதிய அமெரிக்க அமைச்சர் தானியல் வெபுசுதர், எண்ணிப் பார்க்கவும் மாற்றுவழி தேடவும் நேரமில்லாத கைம்மேல் நெருக்கடி இருந்ததென மெய்ப்பித்தால்தான் அவ்வாறு கூற இயலும் என்னும் கருத்தை முன்வைத்தார். இன்றளவும் உலகச் சட்ட நூலார் கையாளும் அளவுகோல் அது.

அவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பிற்கால நிகழ்ச்சிகளைக் காண்க. 5.6.1967இல் இசுரேல் எகிப்தின் வானூர்தித் தளங்களைத் தாக்கிற்று. அந்நாட்டு வானூர்திகளில் பெரும்பகுதி தரையில் நின்றவாறே அழிந்தன. எல்லையில் படைகள் குவிந்திருந்த வேளை அது. முந்துதாக்கு என்பார் ஒருசாரார், அன்று என்பார் மற்றொருசாரார். வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. 7.6.1981இல் அதே நாடு ஈராக்கின் ஒசிராக்கு அணுவுலையைத் தாக்கிற்று. அவ்வுலை இயங்கத் தொடங்கவேயில்லை. ஒன்றிய நாடுகளின் பாதுகாப்பவை அச்செயலை ஒருமனமாகக் கடிந்தது. 2002இல் அமெரிக்க அரசு தன் பாதுகாப்புக் கொள்கையறிக்கையில் இச்சொல்லையே பெரிதும் விரித்து, கைம்மேல் வாராத இடரையும் அதனுள் அடக்கிற்று. மறுவாண்டு மார்ச்சுத் திங்களில் ஈராக்கின்மேல் படையெடுத்தது. ஈராக்கிடம் இருப்பதாகக் கூறப்பட்ட பேரழிவுப் படைக்கலன்களின் இருப்பு எதுவும் கிடைக்கவில்லை என்று அமெரிக்கரே அமைத்த ஆய்வுக்குழு 2004இல் அறிக்கை தந்தது. அதற்குள் மாண்டவர் மாண்டனர்.

இங்கே நிகழ்ந்தது என்ன? முதலில் சொல்லின் வேலி நகர்த்தப்பட்டது. பிறகே நாட்டின் எல்லை மீறப்பட்டது. தடுப்புப்போரை முந்துதாக்கு என்று பெயர் மாற்றியதால் பாதி வழக்கு வென்றாயிற்று. நம் தாளிகையாளர் அதனையும் கடந்து ‘தற்காப்பு’ என்று பெயர்த்தால் முழு வழக்கையும் தாமே வென்று கொடுத்தவராகின்றனர். தற்காப்பா அன்றா என்பதுதானே வினா! வினாவையே விடையாக அச்சிட்டுப் படிப்போன் கையில் கொடுப்பது மொழிபெயர்ப்பாகாது. படிப்போன் எண்ணுமுன் அவன் எண்ணத்தை முந்திக்கொள்ளுதல் ஆகும். ஆகலின், தாக்கப் போகின்றான் என்று கூறித் தாக்கினால் ‘முந்துதாக்கு’ என்று எழுதுக. என்றோ தாக்குவான் என்று கூறித் தாக்கினால் ‘தடுப்புத்தாக்கு’ என்று எழுதுக. எதுவென்று தெரியவில்லையாயின் வெறும் ‘தாக்குதல்’ என்று எழுதுக. அறம் எது என்பதைப் படிப்போன் முடிவுசெய்யட்டும்.

நம் முன்னோர் முந்திச் செயற்படுதலை அறியாதவரல்லர். முள்மரத்தை இளையதாய் இருக்கும்போதே களைதல் வேண்டும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் பகைத்திறம் தெரிதலில் வைத்திருக்கின்றார். ஆயின் அவரே தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு பகுதிகளைத் தொடர்ந்து வைத்து, கைவைக்குமுன் ஆராய வேண்டியவற்றை ஆராயச் சொல்கின்றார். ‘முன்’ என்னும் நம் சொல்லோடு ஒட்டி ‘முன்னுதல்’ என்றொரு வினை உண்டு. கருதுதல் என்பது அதன் பொருள். ‘முன்னம்’ என்றால் கருத்து. தமிழில் முந்துதலுக்கு அருகிலேயே எண்ணுதல் நிற்கின்றது. முன்னி முந்துக என்பதே நம் மொழி நமக்குத் தரும் பாடம்.

ஏனைய வழக்குகளைச் சுருங்கக் கூறி முடிப்போம். ‘பிரிட்சு’ என்னும் சீட்டாட்டத்தில், எதிரணியினர் தம் கைச்சீட்டைப் பற்றி ஒருவர்க்கொருவர் குறிப்புணர்த்த இடமின்றித் தொடக்கத்திலேயே உயர்ந்த கேட்புக் கேட்பதற்கும் இச்சொல்லே வழங்கும். தொலைக்காட்சியில் குறித்த நிகழ்ச்சியை அகற்றிவிட்டு வேறொன்று அவ்விடத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் இதுவே. உரையாடலில் எதிரி கேட்கப்போகும் வினாவுக்கு அவன் வாய் திறக்குமுன் விடை சொல்லி அவனை மடக்குவதற்கும் இதுவே. அதனை ‘முந்தி மடக்குதல்’ எனலாம். எங்கும் இடமடைத்தல் என்னும் மூன்றாம் கூறு மாறாமல் நிற்பதைக் காண்க.

சட்டத்துறை வழக்கு ஒன்றுமட்டும் நம்மவர் கூர்ந்து நோக்கத்தக்கது. அமெரிக்காவில் நடுவணரசின் சட்டம் ஒரு துறையில் புகுந்தால் அத்துறையில் அதனோடு மாறுபடும் மாநிலச் சட்டம் செல்லாது போகும். அவ்வாறு மாநிலச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் அவர்கள் இவ்வினையையே ஆள்கின்றனர். இந்திய அரசமைப்பிலும் இதற்கு ஒப்பானது உண்டு. பொதுப்பட்டியலில் உள்ள ஒரு பொருளைப் பற்றி மாநிலச் சட்டமும் நடுவணரசுச் சட்டமும் முரண்பட்டால் நடுவணரசுச் சட்டமே நிற்கும் என்று 254ஆம் பிரிவு கூறுகின்றது. குடியரசுத் தலைவர் இசைவு பெற்ற மாநிலச் சட்டத்திற்கு மட்டும் விலக்கு உண்டு. அவ்விலக்கையும் நாடாளுமன்றம் பின்னொரு சட்டத்தால் மாற்றலாம். மாநிலப்பட்டியலில் இருந்த கல்வி, 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. கல்விபற்றிச் சட்டம் செய்ய மாநிலத்துக்கும் உரிமை உண்டு என்று சொல்வார் சொல்லட்டும். முரண் நேர்ந்தால் இடம் யாருக்கு என்பதை இவ்வொரு வினை விளக்கிவிடும். ‘பொது’ என்னும் இனிய பெயருக்குள் முந்திக்கொள்ளும் உரிமை ஒருவர்க்கே வைக்கப்பட்டிருக்கின்றது.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனை எழுப்பி, “நேற்று யான் கூறியது குறைவிடை” என்று ஒப்புக்கொண்டேன். பின்னர்க் கரும்பலகையில் மூன்று வினாக்களை எழுதினேன். முந்தியவர் யார்? கொண்டது எது? இடம் அடைபட்டவர் யார்? இவ்வாங்கிலச் சொல்லை எங்குக் கண்டாலும் இம்மூன்றையும் கேட்டுப் பார். மூன்றாம் வினாவுக்கு விடை கிடையாவிட்டால் அங்கு வேறு தமிழ்ச்சொல் போடு என்றேன். அவன் சற்று நேரம் எண்ணிவிட்டு, “ஐயா, தமிழ்ச் சொல் இருக்கும் இடத்தில் ஆங்கிலச் சொல் வந்து அமர்ந்துகொள்வதும் இதுதானே?” என்றான். இம்முறை வகுப்பு நகைக்கவில்லை.

ஆம், அதுவும் இதுவே. ஒரு புதுப்பொருள் நம் நாட்டில் வந்திறங்கும் நாளில் அதற்குத் தமிழ்ப்பெயர் ஆயத்தமாக இல்லையாயின், அயற்சொல் அவ்விடத்தில் குடிசை போட்டு அமர்ந்துகொள்ளும். பத்தாண்டு கழித்து நாம் நல்ல சொல் ஒன்றனைக் கொண்டுசென்றால், ‘இதுவே வழக்காகிவிட்டது’ என்று அதற்குப் பட்டா எழுதிக் கொடுப்போர் நம்மவரே. ஆகலின் தமிழாசிரியரும் தாளிகையாளரும் சொல்லாக்கத்தில் முந்துதல் வேண்டும். ஆயின் ஓரிரவில் பெயர்த்து ஒரு நாட்டை இழக்க வைத்தது போன்ற முந்துதல் வேண்டா. வேரை ஆராய்ந்து, கூறுகளை எண்ணி, எது உதிர்ந்தது எது நின்றது என்று பார்த்து, பிறகே பெயரிட வேண்டும்.

அன்பர்களே, அடுத்தமுறை ‘முன்னெச்சரிக்கைத் தாக்குதல்’ என்றோ ‘தற்காப்புத் தாக்குதல்’ என்றோ ஒரு தலைப்பைக் காணின், அத்தாளிகைக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். சினந்து எழுத வேண்டா. யார் கையோங்கியது, எப்பொழுது ஓங்கியது என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். நம் சொல்லை நாமே ஆளுவோம், எண்ணி ஆளுவோம்.